கோத்தகிரியிலிருந்து பாங்காக் போகிறவர் டாலரை எங்கே, எப்போது வாங்குவது?

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒருவர் கேட்டிருந்தார். மே சீசன் முடிந்ததும், ஜூன் கடைசியில், குடும்பத்தோடு நான்கு பேர் பாங்காக், புக்கெட் போகிறார்கள். விமானம் கொச்சியிலிருந்து. செலவுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் அளவுக்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும். ரூபாய் இறங்கிக்கொண்டே போகிறதே, இப்போதே வாங்கிவிடலாமா, ஏர்போர்ட்டில் மாற்றிக்கொள்ளலாமா, இல்லை மச்சான் சொல்வதுபோல அங்கே போய் மாற்றினால்தான் லாபமா என்பது அவர் கேள்வி. நான் கோவையில் அந்நியச் செலாவணி கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன், வீடு குன்னூரில், அதனால் இந்தக் கேள்வியை மலையின் மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதில். பெரும்பகுதியை டாலராக, நூறு டாலர் நோட்டாக, கோவையில் ஒரு வேலை நாளில் வாங்குங்கள். அதை பாங்காக் நகருக்குள் தாய்லாந்துப் பணமான பாட்டாக மாற்றுங்கள். கூடவே ஒரு கார்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட் கவுண்டர் கடைசி வழி, அதுவும் டாக்ஸிக்குச் சில்லறை வேண்டும் என்றால் மட்டும். இனி ஏன் என்று சொல்கிறேன், அங்கேதான் பணம் போகிற ஓட்டைகள் இருக்கின்றன.

கூகுளில் டாலர் 90 ரூபாய் என்று காட்டினால் அந்த விலைக்கு உங்களுக்கோ எனக்கோ யாரும் தரமாட்டார்கள். அது வங்கிகள் தங்களுக்குள் கோடிக்கணக்கில் வாங்கி விற்கிற விலை. பச்சைத் தேயிலைக்கு ஃபேக்டரி கொடுக்கிற விலையும் பேக்கரியில் தூள் பாக்கெட் விலையும் ஒன்றாகவா இருக்கிறது? அதே கதைதான். கவுண்டரில் இரண்டு விலை எழுதியிருப்பார்கள், உங்களுக்கு விற்கிற விலை ஒன்று, உங்களிடம் வாங்குகிற விலை ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள், அதுதான் அந்தக் கடையின் லட்சணம். 'கமிஷன் இல்லை' என்று பெரிதாகப் போர்டு வைத்திருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது, எடுக்க வேண்டியதை விலையிலேயே எடுத்துவிடுவார்கள்.

கணக்குக்காக ஒரு உதாரணம். சந்தை விலை 90 ரூபாய். கோவையில் பேரம் பேசினால் 90.70-க்குக் கிடைக்கிறது, ஏர்போர்ட்டில் 95 சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் டாலருக்கு 4,300 ரூபாய் வித்தியாசம். ஏர்போர்ட்டில் கடைக்காரருக்கு வாடகை அதிகம் என்பது ஒரு காரணம். போர்டிங் பாஸோடு நிற்கிற உங்களுக்கு அடுத்த கடைக்குப் போய் விலை கேட்க வழியில்லை என்பதுதான் பெரிய காரணம். இது கொச்சிக்கு மட்டும் இல்லை, கோவை, சென்னை, பெங்களூரு எல்லா ஏர்போர்ட்டுக்கும் பொருந்தும்.

அப்புறம் எப்போது வாங்குவது என்ற விஷயம். எல்லோரும் இதில்தான் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள், ஆனால் உங்கள் தொகைக்கு இது அவ்வளவு பெரிய விஷயமே இல்லை. டாலர் 50 காசு ஏறினால் ஆயிரம் டாலருக்கு 500 ரூபாய். கோத்தகிரியிலிருந்து கோவைக்குக் காரில் போய்வர டீசலுக்கே அதற்கு மேல் ஆகும். அடுத்த மாதம் ரூபாய் ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது, டிவியில் பேசுகிறவருக்கும் தெரியாது. ஆகவே விலை ஐம்பது காசு இறங்கட்டும் என்று காத்திருந்து, கடைசியில் ஏர்போர்ட்டில் ஐந்து ரூபாய் அதிகமாகக் கொடுக்கிற நிலைக்கு வந்துவிடாதீர்கள், நான் பார்த்ததில் அதிகம் நஷ்டப்பட்டவர்கள் இந்த வகைதான்.

விதிப்படி பயணத்துக்கு 60 நாளுக்கு முன்னாலிருந்து வாங்கலாம். ஜூன் கடைசியில் கிளம்புகிறவருக்கு ஏப்ரல் கடைசியிலேயே வாசல் திறந்துவிடுகிறது. வாரநாளில் போங்கள். சனி, ஞாயிறு அந்நியச் செலாவணிச் சந்தை மூடியிருக்கும், திங்கள்கிழமை என்ன விலையில் திறக்குமோ என்ற பயத்தில் கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துச் சொல்வார். வேலை நாட்களில் மதியம் ஒன்றரை மணி வாக்கில் அன்றைய குறிப்பு விலை (அன்றைக்குச் சந்தை எங்கே நிற்கிறது என்று காட்டுகிற அதிகாரப்பூர்வ விலை) வெளியாகிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

நமக்கு இன்னொரு காலண்டரும் உண்டு. மே மாதம் சீசன் நெரிசலில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்கு என்று போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிட்டால், வார இறுதியில் உங்கள் ஊர் ரோடு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹோம்ஸ்டேயும் அன்றைக்குத்தான் நிரம்பியிருக்கும். எனவே செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், கோவையில் வேறு வேலையும் சேர்த்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். ஆஸ்பத்திரி செக்கப், பெட்ஷீட் வாங்குவது, எதுவானாலும் சரி, டாலருக்காக மட்டும் ஒரு தனி நடை வேண்டாம். ஜூன் மழை நம் கிழக்குச் சரிவை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, அது கூடலூர், பந்தலூர்க்காரர்கள் கவலை. அக்டோபர், நவம்பரில் பயணம் வைத்திருக்கிற கோத்தகிரி, குன்னூர்க்காரர்கள்தான் இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கிவிட வேண்டும், மண் சரிந்து ரோடு மூடினால் டாலர் இல்லாமல் விமானம் ஏற வேண்டிவரும்.

மேலேயே, ஊட்டியிலோ குன்னூரிலோ வங்கியில் வாங்க முடியாதா என்றும் சிலர் கேட்பதுண்டு. உங்கள் வங்கியில் கேட்டுப் பாருங்கள், தவறில்லை. ஆனால் சின்னக் கிளைகளில் நோட்டு இருப்பு வைத்திருக்க மாட்டார்கள், கேட்டு வாங்கித் தர வேண்டும், அன்றைக்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற ஆன்லைன் சேவைகளில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள், வந்தால் நல்லது.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஃபோன். மூன்று இடத்துக்கு, அரை மணி நேரத்துக்குள், ஒரே கேள்வி: "ஆயிரம் டாலர், எல்லாம் நூறு நோட்டு. ஜிஎஸ்டி, மற்ற கட்டணம் எல்லாம் சேர்த்து நான் மொத்தம் எத்தனை ரூபாய் தரணும்?" விலை என்ன என்று கேட்காதீர்கள், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். ஒருவர் விலையைக் குறைத்துச் சொல்லிவிட்டு 'சர்வீஸ் சார்ஜ்' என்று பின்னால் நீட்டுவார், மொத்தமாகக் கேட்டால் அந்த வித்தை பலிக்காது. ஜிஎஸ்டி என்பது அரசாங்கக் கணக்கு, எங்கே வாங்கினாலும் ஒரே முறைதான். ஒரு லட்சம் ரூபாய் வரை வாங்கினால், தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாய்) சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன் மேல் 18 சதவீதம். 90,700 ரூபாய்க்கு வாங்கினால் 163 ரூபாய்தான் வரும். அதற்கு மேல் யாராவது ஜிஎஸ்டி என்று சொல்லி ஆயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மூன்றில் குறைவாகச் சொன்னவரின் தொகையை அடுத்தவரிடம் சொன்னால் பத்து இருபது காசு இறங்குவார். இதற்கு வெட்கப்பட வேண்டாம், நான் கவுண்டரில் இருந்தபோது கேட்டவர்களுக்குத்தான் குறைத்தோம், கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் குறைக்கவில்லை.

பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு எடுத்துப் போங்கள். விசா தேவைப்படும் நாடென்றால் அதன் நகலும் கேட்பார்கள். ஏ2 என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே ஹோம்ஸ்டே, காட்டேஜ் நடத்துகிறவர்களுக்கு ஒன்று முக்கியம்: சீசன் வசூல் ரொக்கமாகக் கையில் இருக்கும், அதை அப்படியே கொண்டுபோய் டாலராக மாற்றிவிடலாம் என்று நினைப்பார்கள். ஒரு பயணத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்து வாங்க முடியாது. இன்றைக்கு 40,000, நாளைக்கு 40,000 என்று பிரித்துக் கொடுத்தாலும் அதே பயணத்துக்கு என்றால் சேர்த்துத்தான் கணக்கு. முதலில் வங்கிக் கணக்கில் கட்டிவிட்டு அங்கிருந்து கொடுங்கள். நோட்டாக ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் எடுத்துப் போகலாம், மிச்சம் கார்டில். உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டி வெளிநாட்டுக்குப் பணம் எடுத்தால் தாண்டிய பகுதிக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (விற்கிறவரே முன்கூட்டிப் பிடிக்கிற வரி) பிடிப்பார்கள் (2025 ஏப்ரலிலிருந்து வரம்பு இது), வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கழித்துக்கொள்ளலாம். அதுவும் உங்களைத் தொடாது.

தெரிந்தவர் வளைகுடாவிலிருந்து வந்திருக்கிறார், டாலர் வைத்திருக்கிறார், கடையை விடக் குறைவாகத் தருகிறார் என்ற யோசனை வேண்டாம். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்றவரைத் தவிர வேறு யாரிடமும் அந்நியப் பணம் வாங்குவது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தவறு. அதை விடுங்கள், கள்ள நோட்டாக இருந்தால் பாங்காக் கவுண்டரில் நீங்கள்தான் நிற்பீர்கள். பில் இருக்கிற பணம்தான் பணம், அந்த பில்லை வீடு திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது நோட்டு. நோட்டின் அழகைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் அக்கறை இல்லை, கிழிந்த பத்து ரூபாயைக்கூட பஸ்ஸில் தள்ளிவிடுவோம். அங்கே அப்படி நடக்காது. கவுண்டரில் தந்த கட்டை வாங்கிக்கொண்டு அப்படியே பைக்குள் போடாமல், ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பாருங்கள். நூறு டாலர் நோட்டின் நடுவில் செங்குத்தாக ஒரு நீலப் பட்டை ஓடும், நோட்டை அசைத்தால் அதற்குள் இருக்கிற சின்ன மணியும் 100-ம் நகர்வது போலத் தெரியும். இது 2013 அக்டோபரில் வெளிவந்த வடிவம். பழைய வடிவமும் அமெரிக்காவில் செல்லும், ஆனால் ஆசியாவில் பல கவுண்டர்கள் அதற்கு விலை குறைப்பார்கள் அல்லது வாங்கவே மாட்டார்கள். பேனாவால் எழுதிய எண், சின்ன ரப்பர் ஸ்டாம்ப், ஸ்டேப்ளர் ஓட்டை, ஓரத்தில் அரை சென்டிமீட்டர் கிழிசல், இதில் எது இருந்தாலும் "வேற குடுங்க" என்று அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றித் தருவார்கள், கவுண்டரை விட்டு நகர்ந்த பிறகு தரமாட்டார்கள்.

வாங்கிக்கொண்டு மேலே வந்த பிறகுதான் நம் ஊருக்கே உரிய தொல்லை. மழைக்காலத்தில் குன்னூர், கோத்தகிரி வீடுகளில் பீரோவுக்குள் பட்டுப் புடவைக்கே பூஞ்சை பிடிக்கிறது, டாலரை மட்டும் விட்டுவைக்குமா? போன பயணத்தில் மிஞ்சியதை இரண்டு மழைக்காலம் பீரோவில் வைத்துவிட்டு எடுத்துவருவார்கள். நோட்டின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி, மோந்து பார்த்தால் பூச்சி உருண்டை வாசனை. அதைத் துணியால் துடைப்பது இன்னும் மோசம், மேலே இருக்கிற அச்சு மங்கிப்போகும். மடிக்காமல், ரப்பர் பேண்ட் போடாமல், ஒரு ஜிப் கவரில் போட்டு, கூட மாத்திரை டப்பாவில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, தடிப் புத்தகத்துக்கு நடுவே வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம்.

மச்சான் சொன்னதற்கு வருவோம். பாதி சரி. ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றலாம், பாங்காக் கவுண்டர்கள் ரூபாயும் வாங்குகிறார்கள். ஆனால் ரூபாய்க்கு அங்கே கிராக்கி குறைவு, விலையும் அப்படித்தான் இருக்கும். தவிர, இந்தியாவிலிருந்து ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் நோட்டாக எடுத்துப் போகக் கூடாது. கோவையிலேயே பாட் வாங்கலாமே என்றால், வாங்கலாம், ஆனால் இங்கே பாட்டுக்கு வியாபாரம் குறைவு என்பதால் இடைவெளி அதிகம். டாலரில் போட்டி அதிகம், அதனால் இடைவெளி குறைவு. இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம்தானே என்று தோன்றும். இரண்டு சின்ன நஷ்டம் சேர்ந்தும் ஒரு பெரிய நஷ்டத்தை விடக் குறைவாக இருக்க முடியும் என்பதுதான் இதில் சூட்சுமம். கணக்கு இப்படிப் போடுங்கள்: டாலர் 90.70-க்கு வாங்கி, பாங்காக்கில் டாலருக்கு 32 பாட் கிடைத்தால் ஒரு பாட் 2.83 ரூபாய் ஆகிறது. கோவையில் நேரடியாக பாட் 2.90 சொன்னால் டாலர் வழி லாபம், 2.80 சொன்னால் பேசாமல் அங்கேயே பாட் வாங்கிவிடுங்கள். வாங்குகிற அன்றைக்கு உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. எப்படியானாலும் இறங்கியதும் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டாயிரம் மூவாயிரம் பாட் கையில் இருப்பது நிம்மதி.

சுவர்ணபூமி ஏர்போர்ட்டில் இறங்கினால், மேல் தளங்களில் இருக்கிற வங்கிக் கவுண்டர்களைத் தாண்டி, நகர ரயில் ஏறுகிற அடித்தளத்துக்குப் போங்கள். அங்கே இருக்கிற தனியார் கவுண்டர்களில் நகரத்துக்குக் கிட்டத்தட்ட சமமான விலை கிடைக்கும். டான் முவாங்கில் இறங்குகிற விமானம் என்றால் (கொச்சியிலிருந்து போகும் ஏர் ஏசியா அங்கேதான் இறங்கும்) நூறு டாலர் மட்டும் மாற்றிவிட்டு மிச்சத்தை நகருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ராஜ்தம்ரி, பிரதுனாம் பக்கம் சூப்பர்ரிச் என்ற பெயரில் பச்சை போர்டு, ஆரஞ்சு போர்டு என்று தனித்தனி நிறுவனங்கள் இருக்கின்றன, இரண்டுமே நல்ல விலை தருபவை. போர்டில் டாலருக்கு ஒரே விலை எழுதியிருக்காது, நூறுக்கு ஒன்று, சின்ன நோட்டுகளுக்கு அதைவிடக் குறைவாக ஒன்று இருக்கும். அதற்குத்தான் நூறு நோட்டாகவே கேட்டு வாங்கச் சொன்னேன். பாஸ்போர்ட் கேட்பார்கள், ஒரிஜினல் எடுத்துப் போங்கள். புக்கெட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பாங்காக்கில் மாற்றிவிடுங்கள், கடற்கரை ஊர்களில் விலை பொதுவாகக் கொஞ்சம் குறையும்.

கார்டைப் பற்றி அதிகம் நீட்டவில்லை. சாதாரண கிரெடிட், டெபிட் கார்டில் வெளிநாட்டில் தேய்த்தால் பெரும்பாலும் 2-லிருந்து 3.5 சதவீதம் மார்க்கப் (வங்கி விலைக்கு மேல் வைக்கிற கூடுதல்), அதன்மேல் ஜிஎஸ்டி. மார்க்கப் இல்லாத கார்டு வைத்திருந்தால் ஹோட்டல், மால் எல்லாம் அதில் கொடுங்கள், அதைவிட நல்ல விலை நோட்டில் கிடைக்காது. வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கிற ஃபாரெக்ஸ் கார்டின் சௌகரியம், மலையை விட்டு இறங்காமல் ஃபோனிலேயே பணம் ஏற்றலாம், ஏற்றிய அன்றைய விலை உறுதியாகிவிடும். விலை ஏறிவிடுமோ என்ற பயம் இருக்கிறவர்கள் பாதியை இப்படி முன்கூட்டியே போட்டுவிடலாம். ஆனால் கார்டில் பாட் இருக்கிறதா என்று கேளுங்கள், டாலர் மட்டும் ஏற்றி பாட்டில் செலவு செய்தால் மாற்றுக் கட்டணம் தனியாக எடுப்பார்கள். தாய்லாந்து ஏடிஎம்மில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்குக் குறையாமல் அந்த ஊர் வங்கி எடுத்துக்கொள்ளும், எனவே ஏடிஎம் அவசரத்துக்கு மட்டும். கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயிலா, பாட்டிலா" என்று கேட்டால் யோசிக்காமல் பாட் அழுத்துங்கள். நம் ரூபாயைப் பார்த்ததும் பாசம் வந்து அதை அழுத்தினால், அந்த மெஷின்காரர் வைத்ததுதான் விலை. கிளம்புவதற்கு முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி வையுங்கள்.

வேறு ஊர் போகிறவர்களுக்கும் சுருக்கமாக. துபாய் என்றால் டாலருக்கும் திர்ஹாமுக்கும் நடுவே விலை நிலையானது, ஒரு டாலர் 3.6725 திர்ஹாம் என்று கட்டிவைத்திருக்கிறார்கள், அதனால் இரண்டில் எது கோவையில் மலிவாகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா முஸ்தபா பக்கம் ரூபாய்க்கே நல்ல விலை கிடைக்கும், நம் ஆட்கள் புழக்கம் அப்படி. இலங்கைக்கு டாலர் கொண்டுபோய் அங்கே மாற்றுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து அங்கே நம் யூபிஐயும் சில கடைகளில் வேலை செய்கிறது. வியட்நாமில் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டும் நீலம், இருட்டில் டாக்ஸிக்குக் கொடுக்கும்போது பூஜ்யத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள். பாலியில், குட்டா கடைத்தெருவில் மற்றவர்களை விட அதிக விலை எழுதிவைத்து அழைக்கிற சந்துக் கடைகளுக்குப் போகாதீர்கள், சின்ன நோட்டாக எண்ணிக் கொடுக்கிற சாக்கில் கவுண்டருக்குப் பின்னால் நாலைந்து நோட்டை விழ வைக்கிறவர்கள் உண்டு. கடைசியாக எண்ணியது உங்கள் கையாக இருக்க வேண்டும், எண்ணிய பிறகு அவர் திரும்பக் கேட்டால் கொடுக்காதீர்கள். இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் தாத்தா காலத்து எஸ்டேட் துரை கொடுத்தது என்று காகித பவுண்டு நோட்டை எடுத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். காகித 20, 50 பவுண்டு நோட்டுகள் 2022 செப்டம்பரோடு கடைகளில் செல்லாது, பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றிக்கொள்ளலாம்.

மிஞ்சியது என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். பாட்டைக் கடைசி நாளில் ஹோட்டல் பில்லில் கழித்துவிடுங்கள், இங்கே கொண்டுவந்து விற்றால் நல்ல விலை வராது. நோட்டாக 2,000 டாலர் வரை அடுத்த பயணத்துக்கு என்று வைத்துக்கொள்ள அனுமதி உண்டு, அதற்கு மேல் இருந்தால் திரும்பி வந்த 180 நாளுக்குள் விற்றுவிட வேண்டும், வாங்கிய பில் அப்போது உதவும். சில்லறைக் காசை எந்தக் கவுண்டரிலும் வாங்கமாட்டார்கள், பிள்ளைகளிடம் கொடுத்து ஏர்போர்ட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கச் சொல்லுங்கள்.